கற்பிக்கும் ஆசை குறையும்போது: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் 24 ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் தமிழ் கற்பிக்கிறேன். முதலில் உயர்நிலைப்பள்ளி, இப்போது தொடக்கப்பள்ளி. நடுவில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், காலையில் பள்ளி வாசலைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும். அதிலிருந்து மீண்டு வந்தேன் என்பதால், புதிதாக வரும் ஆசிரியர்கள் என்னிடம் மனம்விட்டுப் பேசுவார்கள். ஆசிரியர் அறையிலும், பயிலரங்கு முடிந்து தேநீர் குடிக்கும்போதும், சில சமயம் நள்ளிரவு வாட்ஸ்அப்பிலும் வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். துணைப்பாட நிலைய ஆசிரியர்கள், வார இறுதித் தொண்டூழியர்கள், வேலையிடப் பயிற்றுநர்கள் கேட்டவையும் இதில் உண்டு.

எனக்கு வந்திருப்பது களைப்பா, சலிப்பா? எப்படித் தெரிந்துகொள்வது?

இதைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு.

ஜூன் விடுமுறையை வைத்துச் சோதித்துப் பாருங்கள். முதல் பத்து நாள் நன்றாகத் தூங்கி, வேளைக்குச் சாப்பிட்டு, பிள்ளைகளோடு இருந்த பிறகு, அடுத்த தவணையில் இதைச் செய்யலாமே என்று ஏதாவது ஒன்று தானாகத் தோன்றினால் உங்களுக்கு இருந்தது களைப்பு. அது ஓய்வில் தீரும். உடம்பு தேறியும் விடுமுறையின் கடைசி ஞாயிறு மாலை நெஞ்சு கனத்தால் அது சலிப்பு. அதற்கு இன்னும் நான்கு வாரம் விடுமுறை கொடுத்தாலும் போதாது. மூன்றாவதாகக் கசப்பு என்று ஒன்று உண்டு. மாணவர், பெற்றோர், மேலதிகாரி யாரைப் பற்றிப் பேசினாலும் நம் வாயிலிருந்து நல்ல சொல்லே வராத நிலை அது.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வேலைச் சோர்வை விளக்கியபோதும் மூன்று கூறுகளைச் சொன்னது: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், நம்மால் எதுவும் ஆகவில்லை என்ற எண்ணம். அதை நோய் என்று அது வகைப்படுத்தவில்லை. வேலையிடத்தில் நீண்டகாலம் சரியாகக் கவனிக்கப்படாத மனவழுத்தத்தின் விளைவு என்றே சொன்னது. உங்கள் மேல் மட்டும் பழி போட்டுக்கொள்ள வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். 2018-இல் நடந்த டாலிஸ் என்ற அனைத்துலக ஆய்வில் சிங்கப்பூர் ஆசிரியர்கள் வாரத்துக்குச் சுமார் 46 மணி நேரம் வேலை செய்வதாகச் சொன்னார்கள். ஓஇசிடி என்ற பொருளியல் ஒத்துழைப்பு அமைப்பில் உள்ள நாடுகளின் சராசரி 39 மணி நேரத்தை ஒட்டி இருந்தது. நாம் களைத்துப்போவதில் வியப்பில்லை.

சலிப்புக்கு ஓய்வு மருந்தில்லை என்றால் வேறு எதுதான் மருந்து?

என் அனுபவத்தில் ஒன்றுதான்: ஒரு மாணவரைக் கூர்ந்து பார்ப்பது. நடந்ததையே சொல்கிறேன்.

தொடக்கநிலை நான்கில் ஒரு பையன் கட்டுரையில் "நான் பேருந்தை எடுத்தேன்" என்று எழுதியிருந்தான். ஆண்டுக்கணக்காக இந்த வாக்கியத்தைச் சிவப்பு மையால் அடித்து, "பேருந்தில் சென்றேன்" என்று மேலே எழுதி வந்தவன் நான். கை தானாகவே அடிக்கும். அன்று என்னவோ பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டேன். "ஏன்டா தம்பி இப்படி எழுதின?" என்று கேட்டேன். திட்டப்போகிறேன் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு சொன்னான்: "பஸ்ஸைக் கையால எடுக்க முடியாதுன்னு தெரியும் ஐயா. ஆனா எங்க அம்மா எம்ஆர்டி எடு, டாக்சி எடுன்னுதான் சொல்வாங்க. பஸ்ஸு மட்டும் ஏன் எடுக்கக் கூடாது?"

நல்ல கேள்வி. அவன் எழுதியது அவன் வீட்டுத் தமிழ். அவன் கவனக்குறைவாக இல்லை. கேட்டதை விதியாக்கி, அந்த விதியைச் சரியாகவே பின்பற்றியிருக்கிறான். மறுநாள் வகுப்பில் பயிற்சித்தாளை ஒதுக்கிவிட்டு எது எதோடு சேரும் என்று பிள்ளைகளைத் தேட விட்டேன். மழை பெய்யும், பூ மலரும், வெயில் அடிக்கும், மணியும் அடிக்கும், ஆனால் மணியை நாமும் அடிக்கலாம். "வெயிலை நாம அடிக்க முடியுமா ஐயா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். வகுப்பே அதைப் பிடித்துக்கொண்டது. எனக்கும் பல மாதங்களுக்குப் பிறகு பாடவேளை முடிந்தது தெரியவில்லை.

அன்றிலிருந்து ஒரு சிறிய குறிப்பேடு வைத்திருக்கிறேன். மாணவர் செய்யும் ஒரு பிழை, அதற்கு அவர் சொல்லும் காரணம் இரண்டையும் எழுதுவேன். வாரத்துக்கு இரண்டு மூன்றுதான் சேரும். பிழை சலிப்பைத் தரும். காரணம் ஒருநாளும் சலிப்பைத் தந்ததில்லை. நம் வேலையின் சுவை அங்கேதான் ஒளிந்திருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

நான் பள்ளி ஆசிரியர் இல்லை. கட்டுமானத் தொழிலாளர்களுக்குத் தமிழில் பாதுகாப்புப் பயிற்சி நடத்துகிறேன். அதே பாடம், அதே படங்கள், அதே தேர்வு. எனக்கு என்ன வழி?

உங்கள் நிலை எங்களுடையதைவிடக் கடினம். பாடத்தை மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை. வருகிறவர்களும் ஓரிரு நாளில் போய்விடுவார்கள்.

எனக்குத் தெரிந்த பயிற்றுநர் ஒருவர் இதே வேலையில் பல வருடம் இருக்கிறார். உயரத்தில் வேலை செய்யும்போது போடும் ஹார்னஸ் பட்டையை ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும் என்பது பாடம். தையல் பிரிந்திருக்கிறதா, பட்டை நைந்திருக்கிறதா, கொக்கி முழுதாக மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி அவர் குரலே தட்டையாகிவிட்டது. ஒருநாள் படத்தைக் காட்டுவதற்கு முன், "ஊர்ல நீங்க எதுல ஏறியிருக்கீங்க?" என்று கேட்டாராம். தென்னை, மாடி, மின்கம்பம் என்று பதில் வந்தது. ராமநாதபுரம் பக்கத்துத் தொழிலாளி ஒருவர், அப்பா பனையேறி என்றார். காலில் மாட்டும் தளைநாரை அப்பா தினமும் விடியற்காலையில் இழுத்துப் பார்ப்பார், ஒரு இழை விட்டிருந்தாலும் அன்றைக்கு மரம் ஏற மாட்டார் என்று சொன்னார். வகுப்பில் யாரும் பேசவில்லை. பயிற்றுநர் ஹார்னஸை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து, "அப்பா பார்க்கிற மாதிரி பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

பாடம் ஒரு வரிகூட மாறவில்லை. கேள்வி ஒன்று கூடியது, அவ்வளவுதான். இப்போது ஒவ்வொரு வகுப்பிலும் அந்தக் கேள்விக்கு வேறு பதில் வருகிறது. என்ன வரும் என்று அவருக்கே தெரியாது. அந்தத் தெரியாமைதான் அவரைக் காலையில் எழுப்புகிறது என்றார்.

பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே மனம் வேறெங்கோ போகிறது. கவனத்தை எப்படி மீட்பது?

ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவும்போது மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் இதைக் 'கவன எச்சம்' என்ற பொருளில் பெயரிட்டு விளக்கினார். தமிழாசிரியருக்கு இது தினசரிப் பாடு. தாய்மொழிப் பாடவேளை வந்ததும் பிள்ளைகள் மூன்று மொழிகளுக்காகப் பிரிந்து போவார்கள். நாம் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓடுவோம். ஓடும் வழியில் கைப்பேசியைப் பார்த்தால் தீர்ந்தது. துறைத் தலைவர் கேட்ட பட்டியல் பாதி மனத்தை எடுத்துக்கொள்ளும்.

நான் செய்வது இது: கைப்பேசி பையின் அடியில். நடக்கும்போது அடுத்த வகுப்பில் யாரை முதலில் கேட்கப்போகிறேன் என்று ஒரே ஒரு பெயரை நினைத்துக்கொள்வேன். முடியாமல் விட்ட வேலையை ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப்பையில் போட்டுவிடுவேன். எழுதிவிட்டால் மனம் அதை விட்டுவிடுகிறது.

இன்னொன்று, கேள்வி கேட்டபின் காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். நம் பிள்ளைகளில் பலர் ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு மூன்றும் போதாது. நான் மனத்துக்குள் ஐந்துவரை எண்ணுவேன். அந்த ஐந்து விநாடி எனக்கும் உதவுகிறது. அந்த முகத்தைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியாது.

ஒவ்வொரு பாடவேளையிலும் உற்சாகமாக இருந்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். முடியவும் முடியாது. நன்னூல் ஆசிரியரை நிலம், மலை, நிறைகோல், மலர் என்று நான்குக்கு ஒப்பிடுகிறது. மலரைச் சொல்லும்போது அது உரிய பொழுதில் முகம் மலர்வதைச் சொல்கிறது. நாள் முழுவதும் மலர்ந்திருக்கச் சொல்லவில்லை. எனக்கு இது பெரிய ஆறுதல். ஒரு நாளின் ஐந்து பாடவேளைகளில் எதற்கு முழு உயிரையும் கொடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். மற்றவற்றில் பிள்ளைகள் படிக்கட்டும், எழுதட்டும், தங்களுக்குள் பேசட்டும். அதுவும் கற்பித்தல்தான்.

இரவு பத்து மணிக்கும் பெற்றோரிடமிருந்து வாட்ஸ்அப் வருகிறது. பதில் சொல்லாவிட்டால் தவறாக நினைப்பார்களே?

2024 செப்டம்பரில் கல்வி அமைச்சு இதைத் தெளிவாக்கிவிட்டது. ஆசிரியர்கள் சொந்தக் கைப்பேசி எண்ணைத் தர வேண்டியதில்லை. அவசரம் இல்லாத விஷயங்களுக்குப் பள்ளி நேரத்துக்கு வெளியே பதில் சொல்லவும் வேண்டியதில்லை. பள்ளித் தொலைபேசியும் அதிகாரபூர்வ மின்னஞ்சலும் போதும். ஏற்கெனவே எண் கொடுத்துவிட்டீர்களா? ஆண்டின் முதல் பெற்றோர் சந்திப்பிலேயே, "மாலை ஆறு மணிக்குப் பிறகு வரும் செய்தியை மறுநாள் காலைதான் பார்ப்பேன் அம்மா" என்று முகம் பார்த்துச் சொல்லிவிடுங்கள். இதமாகச் சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பெற்றோரில் பலரும் வேலைக்குப் போகிறவர்கள்தானே.

திருத்த வேண்டிய கட்டுரைகள் மலைபோல் கிடக்கின்றன. அதைப் பார்த்தாலே ஆசை போய்விடுகிறது.

தமிழ் வகுப்பில் ஆள் குறைவு, உங்களுக்கென்ன என்று மற்றத் துறையினர் கேட்பார்கள். ஆனால் நாம் மூன்று நான்கு நிலைகளுக்குத் தனித்தனியாகத் தயாரிக்கிறோம் என்பதை அவர்கள் பார்ப்பதில்லை.

எல்லாப் பிழையையும் திருத்தும் வழக்கத்தை விடுங்கள். சிவப்பால் நிறைந்த தாளைப் பிள்ளை பார்க்கவே மாட்டான். மடித்துப் பையில் வைத்துவிடுவான். இந்தக் கட்டுரையில் தொடக்கம் மட்டும், அடுத்ததில் வேற்றுமை உருபு மட்டும் என்று முன்பே சொல்லிவிட்டுத் திருத்துங்கள். பெற்றோருக்கும் துறைத் தலைவருக்கும் அதைத் தெரிவித்துவிடுங்கள், இல்லாவிட்டால் "ஐயா இதை விட்டுட்டாரே" என்று வரும். மிஞ்சும் நேரத்தில் நான்கு பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் எழுதியதை அவர்களையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பாதிப் பிழை படிக்கும்போதே அவர்கள் காதில் விழும்.

எங்கள் பள்ளியில் தமிழாசிரியர்கள் இரண்டே பேர். பேச ஆளில்லை.

இந்தத் தனிமைதான் பலரை ஓய்த்துவிடுகிறது என்பது என் எண்ணம். வேலைச் சுமையைவிடவும்.

வெளியே வாருங்கள். சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சங்கம் 1951-இலிருந்து இருக்கிறது. பீட்டி சாலையில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. 2010-இல் அமைந்த சிங்கப்பூர் ஆசிரியர் கழகம் எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் பொது. ஆனால் பயிலரங்குக்குப் போய்க் குறிப்பெடுத்துவிட்டு வருவது மட்டும் போதாது. பக்கத்துப் பள்ளியில் ஒரு தமிழாசிரியரைத் தெரிந்துகொண்டு, இருவர் தலைமையாசிரியர்களிடமும் அனுமதி வாங்கி, ஒருவர் வகுப்பில் மற்றவர் பின்னால் உட்காருங்கள். காட்டுவதற்காகத் தயாரித்த பாடம் வேண்டாம். செவ்வாய்க்கிழமை மதிய உணவுக்குப் பின் வரும் சாதாரணப் பாடவேளையைப் பாருங்கள். அங்கே நண்பர் திணறுவதைப் பார்க்கும்போது நமக்கு மட்டும்தான் இப்படி என்ற எண்ணம் போய்விடும். அவர் சட்டென்று ஒரு சொல்லால் வகுப்பைத் திருப்புவதைப் பார்த்தால் நமக்கும் ஆசை வரும். 2023-க்குள் எல்லா நிலைகளிலும் அரையாண்டுத் தேர்வுகள் நீக்கப்பட்டுவிட்டதால் ஆண்டின் நடுவில் சற்று இடம் கிடைக்கிறது. அதை மறுபடி பயிற்சித்தாளால் நிரப்பிவிடாதீர்கள்.

பிள்ளைகள் வீட்டில் தமிழே பேசுவதில்லை. யாருக்காக இவ்வளவு பாடுபடுகிறோம் என்று தோன்றுகிறது.

இந்தக் கேள்வி என்னையும் உறங்கவிடாமல் செய்திருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்குள்ள ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன இந்தியர்களில் சுமார் 59 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். இந்த எண்ணை வகுப்பறைக் கதவில் ஒட்டிவைத்துக்கொண்டு யாராலும் பாடம் நடத்த முடியாது. நாட்டின் மொழிநிலை முழுவதையும் ஒரு தமிழாசிரியர் தோளில் சுமக்க முடியாது, சுமக்கவும் கூடாது.

நான் வேறு விதமாகப் பார்க்கப் பழகினேன். அந்தப் பிள்ளை நாளில் தமிழ் கேட்கும் ஒரே நல்ல மணி நேரம் என்னுடையதாக இருக்கலாம். அப்படியென்றால் அந்த நேரத்தில் அவன் தமிழில் ஏதாவது செய்ய வேண்டும்: சண்டை போட, பேரம் பேச, ரகசியம் சொல்ல. ஒருமுறை தேசிய நூலக வாரியத்தின் மின்தளத்திலிருந்து பழைய தமிழ் முரசு பக்கம் ஒன்றை அச்செடுத்துக் கொண்டுபோனேன். 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய நாளிதழ் அது. தலைப்புச் செய்தியை யாரும் பார்க்கவில்லை. மூலையில் இருந்த திரைப்பட விளம்பரத்தைத்தான் எல்லாரும் மொய்த்தார்கள். ஒரு பையன் பத்திரமாக மடித்து, "தாத்தாகிட்ட காட்டணும் ஐயா" என்று வாங்கிப்போனான். அடுத்த வாரம் தாத்தா சொன்ன கதையோடு வந்தான், பாதி ஆங்கிலம், பாதி தமிழ். நான் திருத்தவில்லை.

பயிற்சி வகுப்புகளுக்கெல்லாம் போகிறேன். ஆனாலும் புத்துணர்ச்சி வரவில்லையே?

ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 100 மணி நேரம் வரை பயிற்சிக்கு வாய்ப்பு உண்டு. பள்ளிக்கு வெளியே வேறு துறையில் சில காலம் பணியாற்றிவிட்டு வரும் பணி இணைப்புத் திட்டமும் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள். பலர் கேட்பதே இல்லை.

ஆனால் எனக்கு மிகவும் பயன்பட்டது இதில் எதுவும் இல்லை. நாற்பத்தைந்து வயதில் சமூக மன்றத்தில் மலாய் வகுப்பில் சேர்ந்தேன். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். மூன்றாம் வாரம் ஆசிரியர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். சொல் நாக்கு நுனியில் நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பக்கத்துப் பெண்மணியிடம் போய்விட்டார். முகம் சூடானது. அன்று எம்ஆர்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது, இருபது ஆண்டுகளில் நான் இப்படித் தாண்டிப்போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டே வந்தேன். நான் ஐந்துவரை எண்ணத் தொடங்கியது அந்த வாரத்திலிருந்துதான். நமக்கு வராத ஒன்றைக் கற்கப் போங்கள்: நீச்சல், மிருதங்கம், கணினி நிரல், எதுவானாலும் சரி.

எப்போது வெளியாரின் உதவியை நாட வேண்டும்?

தூக்கம் பல வாரமாகக் கெட்டிருந்தால், காரணமில்லாமல் அழுகை வந்தால், வாழ்வதில் பொருள் இல்லை என்ற எண்ணம் தலைகாட்டினால், இந்தப் பக்கத்தில் உள்ள எதையும் முயன்று பார்க்கக் காத்திருக்காதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். மனநல உதவிக்கு 1771 என்ற தேசிய எண் 2025-இலிருந்து இயங்குகிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் சமரிட்டன்ஸ் அமைப்பை 1767-இல் எந்நேரமும் அழைக்கலாம். ஆசிரியர் உதவி கேட்டால் பிள்ளைகள் முன் மதிப்புக் குறைந்துவிடும் என்று நம்மில் பெரியவர்கள் சிலர் இன்னும் நினைக்கிறார்கள். அது தவறு.

சரி, வரும் திங்கட்கிழமை முதலில் எதைச் செய்யட்டும்?

வகுப்பில் நீங்கள் இந்தத் தவணை முழுவதும் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஒரு பிள்ளை இருப்பான். ஞாயிறு இரவே அவன் பயிற்சிப் புத்தகத்தை மட்டும் எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள், பேனா இல்லாமல். அவன் எழுதியதில் உங்களுக்குப் புரியாத ஓர் இடத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மணி அடித்ததும் அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "இதை எப்படி யோசிச்சு எழுதின?" என்று கேளுங்கள்.